‘பூஞ்சை இல்லை’ என்று ரிப்போர்ட் வந்த பிறகு

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். வயது 41. ஒன்பது மாதமாக இடுப்பைச் சுற்றி, பாவாடை நாடா கட்டும் இடத்தில் வட்ட வட்டமாகப் படை. மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் நாலே நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வரும். தோல் டாக்டர் சுரண்டிப் பார்க்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ‘பூஞ்சை காணப்படவில்லை’ என்று வந்தது. அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், “அப்ப இது அலர்ஜிதான்” என்று அதே க்ரீமைத் திரும்பக் கொடுத்தார். டாக்டரோ, “பூஞ்சைதான், கல்ச்சர் செய்யணும், நாலு வாரம் ஆகும்” என்கிறார். நடுவில் இன்னொருவர் பேச்சைக் கேட்டு அலர்ஜிக்கு என்று ரத்தப் பரிசோதனையும் எடுத்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது 12 வயது மகளுக்கும் கழுத்தில் வந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் எதுவும் போடவில்லை. யார் சொல்வது சரி? மறுபடியும் டெஸ்டுக்குச் செலவு செய்யணுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் தோல் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் இந்த ரிப்போர்ட்டை எழுதுகிறவளின் பக்கத்திலிருந்து உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் டாக்டர் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். ‘பூஞ்சை காணப்படவில்லை’ என்று நாங்கள் எழுதினால், அன்றைக்கு எங்கள் தகட்டுக்கு வந்த அந்தச் சிட்டிகைச் செதிலில் பூஞ்சை கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். உங்கள் உடம்பில் பூஞ்சை கிடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த இடைவெளியை நிரப்பியிருப்பது அந்த க்ரீம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இந்தப் படை எங்கே குடியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் தோலின் மேல்தட்டு உயிரற்ற செல்களால் ஆனது. அதில் கெரட்டின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. முடியும் நகமும்கூட அதே சரக்குதான். படர்தாமரைப் பூஞ்சைக்கு அந்தக் கெரட்டின்தான் சாப்பாடு. ரத்தம் ஓடாத அந்த மேல்தட்டிலேயே அது வேர்விட்டு வட்டமாகப் பரவும். அதனால்தான் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அது தெரிவதில்லை. ‘ரத்தம் கெட்டுப்போச்சு, அதான் படை வருது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ரத்தத்துக்கும் இதற்கும் அப்படிச் சம்பந்தம் கிடையாது. நீங்கள் எடுத்த அலர்ஜி ரத்தப் பரிசோதனை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பரிசோதனையே இல்லை. அந்தப் பணம் வீணானதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரேயொரு ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள்: சர்க்கரை. நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் படை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை நோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சரி, சுரண்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு வருகிறேன். லேபில் இதை கே.ஓ.ஹெச். என்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலின் சுருக்கம் அது. தோல் செதிலுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதக் கரைசல் போடுவோம். செதிலைத் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி, லேசாகச் சூடு காட்டி, ஏறக்குறைய கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். காரம் நம் தோல் செல்களைக் கரைத்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். பூஞ்சையின் சுவர் வேறு பொருளால் ஆனதால் அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. அப்போதுதான் இழை இழையாக, நடுவில் குறுக்குச் சுவர்களோடு, கிளை பிரிந்து ஓடுவது தெரியும். சில இடத்தில் இழை துண்டு துண்டாகி, கோத்த மணிபோல் வரிசையாக நிற்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இது மலிவான பரிசோதனை. அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று பேரின் கை சரியாக அமைந்தால்தான் அந்தப் பதில் சரியாக இருக்கும்: படையைக் கொண்டுவருகிறவர், சுரண்டுகிறவர், பார்க்கிறவர்.

பார்க்கிறவர் அவசரப்பட்டால் செதில் கரைவதற்கு முன்பே ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். அனுபவம் குறைவாக இருந்தால் தோல் செல்களின் ஓரக்கோடுகளையோ துணி நூலையோ பூஞ்சை என்று நினைத்து ‘இருக்கிறது’ என்றும் எழுதிவிடலாம். இரண்டு பக்கமும் தவறு நடக்கும்.

சுரண்டுகிறவர் சரியான இடத்தில் சுரண்ட வேண்டும். படையின் நடுப்பகுதி பெரும்பாலும் ஆறினாற்போல் இருக்கும். பூஞ்சை அங்கே தின்று முடித்துவிட்டு வெளிப்பக்கமாக நகர்ந்திருக்கும். அதனால் தடித்து, செதில் உதிர்ந்துகொண்டிருக்கும் அந்த ஓரத்தில்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, உலர விட்டு, கத்தியின் மழுங்கிய பக்கத்தாலோ கண்ணாடித் தகட்டின் ஓரத்தாலோ மெதுவாகச் சுரண்டினால் மாவுபோல் உதிரும். ரத்தம் வராது, வலியும் கிடையாது. மகளிடமும் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள். கத்தி என்ற பேச்சைக் கேட்டாலே பிள்ளைகள் பயந்துவிடும். உதிர்கிற செதிலைக் கறுப்புத் தாளில் பிடிப்போம், வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. ஒரு வட்டத்தில் மட்டும் எடுக்காமல் இரண்டு மூன்று வட்டங்களின் ஓரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். போதுமான அளவு எடுத்திருக்கிறார்களா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்கு வந்துசேரும் பாதி குழப்பம், உள்ளே எதுவுமே இல்லாத காகித மடிப்புகளால்தான்.

இந்த மூவரில் நோயாளியின் கையைப் பற்றி யாருமே உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பல வருடங்களுக்கு முன்பு துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். தொடையிடுக்கில் கையகலப் படை, பார்த்தாலே பூஞ்சை என்று தெரிகிறது. இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை வந்தபோதுதான், “டாக்டரம்மாகிட்ட வர்றோமேன்னு பீர்க்கங்காய் நார் போட்டு நல்லா தேய்ச்சுக் குளிச்சுட்டு, எண்ணெயும் தடவிட்டு வந்தேன்” என்றார். மரியாதைக்காகச் செய்தது. ஆனால் எனக்கு வேண்டிய செதில் முழுக்க அவர் வீட்டுக் குளியலறையிலேயே போய்விட்டது. அடுத்த வாரம் தேய்க்காமல், எண்ணெய் தடவாமல் வரச் சொன்னேன். முதல் தகட்டிலேயே இழைகள் நிறைந்து தெரிந்தன. அன்றிலிருந்து, சுரண்டுவதற்கு முன்னால் ‘என்ன தடவினீங்க?’ என்று கேட்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

நீங்கள் தடவியது எண்ணெயைவிடப் பெரிய தடை. ‘நாலே நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் பெரிதாக வரும்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி ஸ்டீராய்டு கலந்த க்ரீமுக்கு அப்படியே பொருந்துகிறது. ட்யூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் அதோடு ஒரு பூஞ்சை மருந்தும், ஒரு பாக்டீரியா மருந்தும் சேர்ந்தே இருக்கும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்றால், பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் நடத்துகிற சண்டையை அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். அவை அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை சாவகாசமாகப் பரவுகிறது. வட்டம் கலைந்து, ஓரம் மங்கி, செதில் குறைந்து, பார்க்கிறவருக்கு இது என்ன நோய் என்றே புரியாத உருவத்துக்கு மாறிவிடுகிறது. 1968-லேயே பிரிட்டனில் மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: டினியா இன்காக்னிடோ. மாறுவேடம் போட்ட படை என்று அதைச் சொல்லலாம். கூடவே இருக்கிற பூஞ்சை மருந்து, நோயைத் தீர்க்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும், மேற்பரப்புப் பூஞ்சையைக் குறைத்து எங்கள் தகட்டை ஏமாற்றப் போதுமானதாக இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘அலர்ஜிதான்’ என்று முடிவுக்கு வந்தது தவறு. அதைவிடப் பெரிய தவறு, அதே க்ரீமைத் திரும்பக் கொடுத்தது. பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. இருந்தும் கேட்டவுடன் கை நீட்டிக் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும், பிரசவத் தழும்பு மாதிரி வரிகள் விழும், அந்த வரிகள் அப்புறம் மறையவே மறையாது. இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்பான இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். என் மைக்ராஸ்கோப்புக்கு வருகிற இளம்பெண்களின் தொடையில் இந்த வரிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? டாக்டரிடம் சொல்லிவிட்டு அந்த க்ரீமை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாளில் சிவந்து, அரிப்பு கூடும். பயப்படாதீர்கள், அடங்கியிருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களைத் தாண்ட அரிப்புக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது எங்கள் பரிசோதனையைக் கெடுக்காது. சுமார் இரண்டு வாரம் படையின்மேல் எந்த மருந்தும் படாமல் இருந்தால் நல்ல செதில் கிடைக்கும். ஏற்கெனவே பூஞ்சை மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருந்தால் அந்த விவரத்தையும் சொல்லுங்கள், அதற்கு இன்னும் கூடுதலான இடைவெளி வேண்டியிருக்கும். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசலாமா என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் கேட்பார்கள். இந்த இரண்டு வாரத்தில் அதுவும் வேண்டாம். பரிசோதனைக்குப் போகிற அன்று சாதாரணமாகக் குளியுங்கள், அந்த இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள்.

அடுத்தது உங்களைத் தயங்கவைக்கும் கல்ச்சர். செதிலை ஒரு ஊட்டப்பொருளில் தூவி, பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதுதான் அது. நாங்கள் இதற்குப் பயன்படுத்தும் ஊட்டப்பொருளின் பெயர் சபுரோ அகார். ரேமோன் சபுரோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர், பாரிஸில் படைப் பூஞ்சைகளை வளர்த்து வகைபிரிப்பதற்கென்றே உருவாக்கியது. அவர் இறந்தது 1938-ல். பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் எங்கள் புதுச்சேரி. அந்தப் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய ஜிப்மர். இங்கே உட்கார்ந்து தினமும் அவர் பெயரை ட்யூபின்மேல் எழுதும்போது எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

சர்க்கரையும் புரதமும் கலந்த, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள அகார் அது. பாக்டீரியாவும் காற்றில் திரியும் சாதாரணப் பூசணமும் முந்திக்கொண்டு வளராமலிருக்க அதில் மருந்தும் சேர்ப்போம். உங்கள் இட்லி மாவு பொங்க ஒரு ராத்திரி போதும். இந்தப் பூஞ்சைகள் அப்படியில்லை. சில வகை ஒரு வாரம் பத்து நாளில் பஞ்சுபோலவோ மாவுபோலவோ தலைகாட்டும். சில வகைக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகும். நாலு வாரம் வரை பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால்தான் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதுவோம். டாக்டர் நாலு வாரம் என்றது இதனால்தான், லேபின் சோம்பலால் அல்ல. அதற்காக நாலு வாரமும் மருந்தில்லாமல் அரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். செதிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே டாக்டர் சிகிச்சையைத் தொடங்கலாம். செதில் முதலில், மருந்து அப்புறம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் பூஞ்சை இல்லை என்று ஆகிவிடாது. தகட்டில் இழைகள் தெளிவாகத் தெரிந்த செதில்கூட அகாரில் முளைக்காமல் போவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ‘ஆஸ்பெர்ஜில்லஸ்’, ‘பெனிசிலியம்’ என்று ஏதாவது வந்தால் கலவரப்படாதீர்கள். அவை காற்றில் எங்கும் மிதக்கிறவை, பெரும்பாலும் வழியில் வந்து விழுந்தவையாக இருக்கும்.

எல்லாப் படைக்கும் கல்ச்சர் தேவை என்று நான் சொல்லமாட்டேன். முதல்முறை வந்த சின்ன வட்டத்துக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. டாக்டரின் கண்ணும் ஒரு சுரண்டல் பரிசோதனையும் போதும். உங்களுக்கு அவர் ஏன் கேட்கிறார் என்றால், ஒன்பது மாதமாக அடங்காமல் இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றியிருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் படர்தாமரையின் குணமே மாறிவிட்டது. முன்பு டெர்பினாஃபின் என்ற மாத்திரைக்குச் சுலபமாக மடங்கிய நோய், இப்போது பலரிடம் மடங்குவதில்லை. அந்த மருந்து பூஞ்சைக்குள் எந்த நொதியைப் பிடித்து நிறுத்துமோ, அந்த நொதியின் மரபணுவையே பூஞ்சை மாற்றிக்கொண்டுவிட்டது. ஜப்பானில் இருந்த ஒரு நேபாளியிடமிருந்தும் ஒரு இந்தியரிடமிருந்தும் எடுத்த இப்படிப்பட்ட பூஞ்சையை ஆராய்ந்து, 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள். நம் நாட்டின் பெயரைத் தாங்கிய படை அது. எந்த வகை என்று கல்ச்சர் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மிக நெருக்கமான இனங்களைப் பிரிக்கவும், எந்த மருந்து எடுபடாது என்று பார்க்கவும் மரபணுச் சோதனையும் மருந்து உணர்திறன் சோதனையும் உண்டு. அவை எல்லா லேபிலும் கிடையாது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. சரியான மருந்தைச் சரியான காலம் சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால் டாக்டரே அந்தப் பேச்சை எடுப்பார்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தனியார் லேப் கட்டணம் பாரமாக இருந்தால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். கல்ச்சருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பார்ப்பது நல்லது. உங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பக்கம் பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர். தோல் பிரிவும் நுண்ணுயிரியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தால் செதில் அலையாமல் எங்கள் கைக்கு வந்துசேரும்.

வீட்டில் இருக்கிற எல்லோரையும் டாக்டர் பார்க்கட்டும், உங்கள் கணவரையும் சேர்த்து. ஆண்கள் தொடையிடுக்கில் இருப்பதைச் சொல்லாமல் மறைப்பார்கள். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால், ஒரே துண்டிலும் ஒரே பாயிலும் அது திரும்ப உங்களிடமே வந்துசேரும். நாள்முழுக்க அடுப்படியில் நிற்கிறீர்கள். இடுப்பில் நாடா இறுகும் இடத்தில் வியர்வை காயவே காயாது. கடற்கரை ஊரின் புழுக்கமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ஒருமுறை கழுவி, ஈரம் போகத் துடைத்து, காய்ந்த பாவாடையாக மாற்றிக்கொள்ளுங்கள். நாடாவைக் கழற்றித் தனியாகச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் துணி காயாத நாளில், நாடா ஓடும் மடிப்பை இஸ்திரி போட்டாவது உலர்த்திவிடுங்கள். அப்புறம், படை மறைந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற அன்றே மருந்தை நிறுத்தாதீர்கள். மறைந்த பிறகும் எத்தனை நாள் தொடர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி எது தெரியுமா? ‘அவளுக்கு இன்னும் எதுவும் போடவில்லை’ என்பதுதான். மருந்தே படாத புதுப் படை, ஓரம் தெளிவாக, செதிலோடு இருக்கும். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் வந்திருப்பதால் உங்கள் இடுப்பில் இருப்பதும் அவள் கழுத்தில் இருப்பதும் அநேகமாக ஒரே பூஞ்சையாகத்தான் இருக்கும். உங்களுக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அவளுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அவள் செதிலில் இழை தெரிந்துவிட்டால் உங்கள் டாக்டருக்கு உங்களுடைய பதிலிலும் பாதி கிடைத்துவிடும். நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய், சுரண்டல், கல்ச்சர் இரண்டுக்கும் சேர்த்துச் செதில் எடுக்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது வழக்கம்போல் கழுத்தில் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள்.